வீட்டுக் குழந்தைக் காப்பகங்களும் உரிமமும்: கடலூர் சிப்காட்டை முன்வைத்து

வேலைக்குப் போகும் தாயின் குழந்தையைப் பக்கத்துத் தெருவில் இன்னொரு பெண் தன் வீட்டிலேயே வைத்து, மாதக் கூலிக்குப் பகல் முழுதும் பார்த்துக்கொள்வதுதான் வீட்டுக் குழந்தைக் காப்பகம். அதற்குத் தனிக் கட்டடம் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. அடுப்பும் பாயும் தண்ணீர்க் குடமும் அந்தக் குடும்பத்துடையவைதான். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடத்துக்குப் பிள்ளைக் காம்பரா என்று பெயர். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் அது ஆயாக் கொட்டகை. இரண்டும் தோட்ட நிர்வாகம் வைத்தவை. ஆகவே அவற்றுக்குப் பெயரும் இருந்தது, கணக்கும் இருந்தது. வீட்டுக் காப்பகத்துக்கோ தமிழில் நிலைத்த பெயர்கூட இல்லை. ‘ஆயா வீட்டில விட்டிருக்கேன்’, ‘பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்குறாங்க’ என்ற அளவில் பேச்சு நின்றுவிடுகிறது. பெயரில்லாத இந்த வீட்டை அரசு எப்படிப் பதிவு செய்வது, யார் போய்ப் பார்ப்பது, எதைப் பார்ப்பது, குறை கண்டால் என்ன செய்வது என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி. கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில் உள்ள சிப்காட் தொழிற்பேட்டையை வைத்துப் பார்த்தால், இந்தக் கேள்வியின் முடிச்சுகள் எல்லாம் ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரியும்.

தமிழ்நாடு அரசு 1971இல் தொடங்கிய சிப்காட் நிறுவனம், கடலூருக்குத் தெற்கே உப்பனாற்றங்கரையில் 1980களில் இந்தப் பேட்டையை அமைத்தது. மருந்து மூலப்பொருள், பூச்சிக்கொல்லி, சாயம் என்று வேதிப்பொருள் ஆலைகளே இங்கு மிகுதி. குடிகாடு, ஈச்சங்காடு, காரைக்காடு, செம்மங்குப்பம், பச்சையாங்குப்பம் போன்ற ஊர்கள் ஆலைச் சுவர்களை ஒட்டியே இருக்கின்றன. இந்த ஊர்ப் பெண்களின் வேலை ஒரே மாதிரியானதல்ல. ஆலைகளில் காண்ட்ராக்ட் மூலம் துப்புரவுக்கும் பொட்டலம் கட்டவும் போகிறவர்கள் உண்டு. கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் விடியுமுன் மீன் ஏலம் எடுத்துக் கூடை சுமப்பவர்கள் உண்டு. வயல் கூலிக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர்கள் உண்டு. தெற்கே சிதம்பரத்தில் நிலைமை சற்று வேறு. 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையும் அதையொட்டிய மருத்துவமனையையும் நம்பி வாழும் செவிலியர், எழுத்தர், ஆசிரியர் குடும்பங்கள் அங்கே பிள்ளை பார்த்துக்கொள்ளும் வீடுகளைத் தேடுகின்றன. வருமானம் வேறு, வேலை வேறு. கைக்குழந்தையை யாரிடம் விடுவது என்ற கேள்வி மட்டும் இரு பக்கமும் ஒன்றே.

ஆலையே காப்பகம் வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறதே என்று கேட்கலாம். சொல்கிறது, நெடுங்காலமாகவே சொல்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 48ஆம் பிரிவு, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பெண்கள் வேலை பார்க்கும் ஆலை, அவர்களின் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் உள்ள அறை ஒதுக்கி, குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்ணின் பொறுப்பில் விட வேண்டும் என்றது. முதலில் ஐம்பது பெண்கள் என்றிருந்த வரம்பு 1976இல் முப்பதாகக் குறைந்தது. 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம், 1966இன் பீடி சுருட்டுத் தொழிலாளர் சட்டம், 1996இன் கட்டடத் தொழிலாளர் சட்டம் எல்லாவற்றிலும் இதே போன்ற பிரிவு இருந்தது. எல்லாமே பெண்களின் தலையை எண்ணின. முப்பது பெண்களுக்கு மேல் போனால் காப்பகம் கட்ட வேண்டும் என்றால், முப்பதைத் தாண்டாமல் இருப்பதே முதலாளிக்குச் சிக்கனம். சட்டம் இந்தப் பாதகத்தை உணர எழுபது ஆண்டுகள் ஆயின. 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோதுதான் ஆண், பெண் இருபாலரும் சேர்ந்து ஐம்பது ஊழியர் இருந்தால் காப்பகம் வேண்டும் என்று எண்ணிக்கை மாறியது. தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்துவர அனுமதியும் அதில் உண்டு. 2020இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 67ஆம் பிரிவில் இதையே எடுத்துக்கொண்டு, பல நிறுவனங்கள் செலவைப் பகிர்ந்து ஒரு பொதுக் காப்பகம் வைக்கவும் வழி விட்டது. அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

வேதிப்பொருள் ஆலையைப் பொறுத்தவரை இந்தப் பிரிவுகளுக்குள் ஒரு முரண் இருக்கிறது. குழந்தையை எங்கே வைக்கக் கூடாதோ அங்கேதான் சட்டம் அறை கேட்கிறது. 2021 மே மாதம் இந்தப் பேட்டையின் ஆலை ஒன்றில் நேர்ந்த தீவிபத்தில் நான்கு பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட வளாகத்துக்குள் ஆறு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக எந்தத் தாய்க்கும் மனம் வராது, வரவும் கூடாது. ஆகவே இங்கே காப்பகம் ஆலைக்கு வெளியே, ஊருக்குள், தாய் நடந்து போய்ப் பாலூட்டித் திரும்பும் தூரத்தில் இருந்தாக வேண்டும். மத்தியப் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2018இல் வெளியிட்ட காப்பக நெறிமுறைகளும் வேலையிடத்தில் அல்லது குடியிருப்பில், 500 மீட்டருக்குள் காப்பகம் இருப்பது நல்லது என்றே சொல்கின்றன.

ஊருக்குள் அரசு நடத்துவது அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுதும் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம், இன்று தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்களாக விரிந்திருக்கிறது. அதன் அருமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அங்கன்வாடியில் பகல் பொழுதைக் கழிப்பவை இரண்டு வயது தாண்டிய பிள்ளைகள். அதற்குக் கீழுள்ள குழந்தைக்குக் கிடைப்பது எடை பார்த்தலும் சத்துமாவும் மட்டுமே. காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போகிற தாய்க்கும், நான்கு மணிக்கே துறைமுகத்தில் நிற்கும் மீன்காரிக்கும் மையம் திறக்கும் நேரம் ஒத்துவராது. மகப்பேறு விடுப்பு சட்டப்படி முழுதாகக் கிடைத்தாலும் 26 வாரம்தான். காண்ட்ராக்ட் பெண்ணுக்கு அதுவும் எட்டாக்கனி. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனது முதல் இரண்டு வயது வரை உள்ள இடைவெளியில் பாட்டி இருந்தால் பாட்டி, அக்காள் இருந்தால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அக்காள், இருவரும் இல்லையென்றால் ஆயா வீடு.

அந்த வீடு எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். இந்தப் பகுதியில் வழக்கமானது அஸ்பெஸ்டாஸ் அல்லது சிமெண்ட் கூரை போட்ட ஒரே அறை. முன்னால் ஒரு சின்னத் திண்ணை. உத்தரத்துக் கொக்கியில் பழைய நூல் புடவையில் கட்டிய தூளி தொங்கும். அதில் ஒரு குழந்தை தூங்கும்போதே, தவழும் இன்னொன்று தூளியின் தொங்கலைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்க்கும். மூலையில் கேஸ் அடுப்பு, தரையோடு ஒட்டியே சிலிண்டர். வாசலில் குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்த அண்டா, மூடியில்லாமல். தவழும் குழந்தை தலைகுப்புற விழுந்தால் அரையடித் தண்ணீர் போதும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு ஒயர் கூடை: மாற்றுத் துணி, பால் பாட்டில், அம்மா பிசைந்து கொடுத்த பருப்புச் சோறு. ஆயாவுக்கு எழுத்து தெரியாமல் இருக்கலாம். ஆனால் எந்தக் குழந்தை தோளில் போட்டால்தான் தூங்கும், எதற்கு வேர்க்கடலை கொடுக்கக் கூடாது, எதன் அப்பன் குடித்துவிட்டு வந்தால் கையில் கொடுக்கக் கூடாது என்பது அவருக்கு அத்துபடி. நல்லதும் ஆபத்தும் இந்த ஒரே அறையில் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. உரிமத்தின் வேலை ஆபத்தைப் பிரித்து எடுப்பது. அதைச் செய்யும் வேகத்தில் நல்லதையும் சேர்த்துக் கலைத்துவிடும் உரிமத்தால் குழந்தைக்குப் பயனில்லை.

இன்றைய நிலையில் அந்த வீட்டைத் தொடும் சட்டம் எது? 2015இன் இளைஞர் நீதிச் சட்டம் குழந்தை இல்லங்களுக்குப் பதிவு கேட்கிறது. அது ஆதரவும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகள் தங்கும் இல்லங்களுக்கு. தமிழ்நாட்டில் 2014இல் வந்த பெண்கள், குழந்தைகள் விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் தங்குமிடங்களைக் குறித்தது. மழலையர் விளையாட்டுப் பள்ளிகளுக்குப் பள்ளிக் கல்வித் துறை 2015இல் விதித்தொகுப்பு வெளியிட்டது. அது பள்ளி என்று பெயர் வைத்து நடத்துபவர்களுக்கு. இவற்றில் எதுவும் காலையில் வந்து மாலையில் போகும் நான்கு கைக்குழந்தைகளை வைத்திருக்கும் ஆயாவின் திண்ணை வரை வருவதில்லை. விபரீதம் நடந்த பிறகு வரும் சட்டங்கள் உண்டு. குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறை சொல்கிறது. குழந்தைகளை ஒப்படைத்த நிறுவனத்தில் பணிபுரிபவரே செய்தால் ஐந்தாண்டு. பாலியல் குற்றத்தை அறிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும் என்கிறது 2012இன் போக்சோ சட்டம். இவை தண்டிக்கும் சட்டங்கள். அண்டாவுக்கு மூடி போடச் சொல்ல ஒரு சட்டமும் இல்லை.

இந்தக் குறை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. 1969இல் மீரா மகாதேவன் டெல்லியில் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சி கட்டுமானத் தலத்தில், மண்மேட்டில் கிடந்த குழந்தைகளுக்காக ஒரு கூடாரம் போட்டார். மொபைல் கிரெஷஸ் அமைப்பு அங்கே பிறந்தது. பள்ளிக்கு முந்தைய பருவத்தைப் பற்றி ஆராய மத்தியக் கல்வி ஆலோசனை வாரியம் அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கிய மீனா சுவாமிநாதன் 1972இல் அளித்த அறிக்கை, அங்கன்வாடித் திட்டத்துக்கு முன்னோடியானது. அவர் எழுத்தாளர் கிருத்திகாவின் மகள். சென்னையில் இருந்தபடி கடைசிவரை, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் பகல்நேரப் பராமரிப்பைத் தாயின் வேலையோடும் தாய்ப்பாலோடும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று வாதாடினார். அகமதாபாத்தில் சேவா அமைப்பின் பெண்கள், குழந்தை பார்க்கும் வேலையையே கூட்டுறவுச் சங்கமாக்கி, சங்கினி என்று பெயர் வைத்தார்கள். 2013இன் தேசிய மழலைப் பருவப் பராமரிப்பு, கல்விக் கொள்கை, அரசு நடத்துவது, தனியார் நடத்துவது எல்லாவற்றுக்கும் ஒழுங்குமுறை வரும் என்று வாக்குக் கொடுத்தது. 2006இல் ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கி, 2017இல் தேசிய காப்பகத் திட்டமாகி, 2022இல் பால்னா என்று பெயர் மாறிய மத்தியத் திட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குக் காப்பகங்கள் நடத்துகிறது. அங்கன்வாடியோடு இணைந்த காப்பகங்களும் அதில் சேர்ந்தன. இவை அனைத்தும் மையங்கள். தனி வீடு எதிலும் இடம்பெறவில்லை.

வெளிநாடுகளில் தமிழர்களுக்கு நெருக்கமான முன்மாதிரி மலேசியா. ஆயாக் கொட்டகை இருந்த அதே நாடு 1984இல் குழந்தைக் காப்பகச் சட்டத்தை இயற்றி, காப்பகத்தை வகை வகையாகப் பிரித்தது: வீட்டில் நடப்பது, வேலையிடத்தில் நடப்பது, சமூகம் நடத்துவது, நிறுவனம் நடத்துவது. தன் சொந்த வீட்டில் நான்கு முதல் ஒன்பது குழந்தைகள் வரை வைத்திருந்தால் அது வீட்டு வகை. ‘தஸ்கா’ என்ற சொல் எல்லா வகைக்கும் பொது. ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒருவர், ஒன்று முதல் மூன்று வயது வரை ஐந்து பேருக்கு ஒருவர், அதற்கு மேல் பத்துப் பேருக்கு ஒருவர் என்று கணக்கு வைத்து, சமூக நலத் துறையில் பதிவு செய்யச் சொன்னது. சட்டம் வீட்டை வீடாகவே ஒப்புக்கொண்டது இதில் முக்கியம். நமது 2018 நெறிமுறை மூன்று வயதுக்குட்பட்ட பத்துக் குழந்தைகளுக்கு ஒருவர் என்கிறது. பத்துக் கைக்குழந்தைகளை ஒரு பெண் பார்ப்பது எப்படி முடியும் என்று எழுதியவர்கள் ஒரு பகல் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

இங்கிலாந்து இதில் மூத்தது. போர்க்காலத்தில் வேலைக்குப் போன பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட வீடுகளை 1948இலேயே பதிவுக்குள் கொண்டுவந்தது. இன்று ஆஃப்ஸ்டெட் என்ற ஆய்வு நிறுவனம் பதிவு செய்கிறது. ஒருவர் எட்டு வயதுக்குட்பட்ட ஆறு பிள்ளைகளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது; அதில் ஐந்து வயதுக்குட்பட்டவர் மூவர், ஒரு வயதுக்குட்பட்டவர் ஒருவர் என்பது பொது வரம்பு. அந்த வீட்டில் குடியிருக்கும் 16 வயதுக்கு மேற்பட்ட எல்லோருடைய பின்னணியும் விசாரிக்கப்படும். பிரான்ஸ் 1977இல் சட்டம் செய்து, தாய்சேய் நலத் துறை வீட்டுக்கு வந்து பார்த்து ஒப்புதல் தரும் முறையை வகுத்தது. 120 மணி நேரப் பயிற்சி, அதில் 80 மணி முதல் குழந்தையை ஏற்பதற்கு முன்பே. அமெரிக்காவில் உரிமம் மாநிலங்களின் கையில் இருந்தாலும், 2014இன் கூட்டரசுச் சட்டம் மானியம் பெறும் இடங்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது சொல்லாமல் சென்று பார்க்கும் ஆய்வையும், ஆய்வறிக்கையைப் பெற்றோர் படிக்க இணையத்தில் இடுவதையும் கட்டாயமாக்கியது. சிங்கப்பூர் 2024 இறுதியில்தான் கைக்குழந்தைகளை வீட்டில் பார்த்துக்கொள்ளும் முறையைச் சோதனையாகத் தொடங்கியிருக்கிறது. மையங்களை மிகக் கச்சிதமாக நடத்தும் நாடுகூடக் கைக்குழந்தைக்கு வீடு வேண்டும் என்று திரும்பி வந்திருப்பது கவனிக்கத்தக்கது.

இந்த நாடுகளின் அனுபவத்தில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. இங்கிலாந்தில் பதிவு பெற்ற வீட்டுப் பராமரிப்பாளர்களின் எண்ணிக்கை பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. அமெரிக்காவிலும் 2005க்குப் பிறகு உரிமம் பெற்ற வீடுகள் வெகுவாகக் குறைந்தன. குறைந்த வருமானம் ஒரு காரணம். எழுதி மாளாத படிவங்கள் இன்னொரு காரணம். வீடுகள் உரிமத்தைக் கைவிட்டதால் குழந்தைகள் மறைந்துவிடவில்லை. கண்காணிப்பு இல்லாத வீடுகளுக்கு அவர்களில் பலர் போனார்கள். பிறகு 2023இல் இங்கிலாந்து, புதிதாகப் பதிவு செய்பவர்களுக்குத் தொடக்க மானியம் கொடுத்து அழைக்க வேண்டியதாயிற்று.

எதிர்ப்புறத்து எச்சரிக்கை நம் மண்ணிலேயே இருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் கருகி இறந்தார்கள். அந்தப் பள்ளிக்கு அங்கீகாரம் இருந்தது. கூரைக் கொட்டகையும், சமையல் நெருப்பும், குறுகிய படிக்கட்டும் எவரும் வந்து பார்க்கக்கூடிய இடத்தில்தான் இருந்தன. வந்து பார்க்காத கண்ணுக்கு முத்திரை குத்திய தாள் மாற்றாகாது. தமிழ்நாட்டில் வீட்டுக் காப்பக உரிமம் வருமானால், அது முதலில் ஒருவர் வீட்டுக்கு நடந்து வருவதாக இருக்க வேண்டும், தாள் இரண்டாவது.

நம் நிர்வாகத்துக்குள்ளேயே இதற்கு ஏற்ற படிமுறை ஒன்று உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த விதிகள், தெருவோர இட்லிக் கடைக்காரரையும் பெரிய உணவகத்தையும் ஒரே தராசில் நிறுத்தவில்லை. அவை வந்தபோது, ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் வியாபாரம் செய்பவருக்கு 100 ரூபாய்க் கட்டணத்தில் பதிவு. அதற்கு மேல் உரிமம். பிள்ளை பார்க்கும் வீட்டுக்கும் இதே போல் மூன்று குழந்தைகள் வரை கட்டணமில்லாப் பதிவு, நான்கு முதல் ஆறு வரை முன்னாய்வோடு உரிமம், அதற்கு மேல் போனால் மையத்துக்குரிய விதிகள் என்று வகுக்கலாம். எண்ணிக்கையில் ஆயாவின் சொந்தப் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் சேர்த்தே எண்ண வேண்டும். தூங்குகிற நேரத்தில் பார்த்துக்கொள்ளும் கண் எல்லாருக்கும் ஒன்றுதான். மொத்தம் எத்தனை பேர் இருந்தாலும், ஒரு வயதுக்குட்பட்டவர்கள் இரண்டு பேருக்கு மேல் கூடாது. அதற்குக் காரணம் கணிதம் அல்ல. சிப்காட்டில் நள்ளிரவிலும் பட்டப்பகலிலும் வாயு கசிந்து ஊர் ஓடியிருக்கிறது. ஒரு பெண் இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாகத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடியது இரண்டு கைக்குழந்தைகளை மட்டுமே.

வீட்டில் பார்க்க வேண்டியவை நீளமான பட்டியல் அல்ல. தண்ணீர்ப் பாத்திரங்களுக்கும் தரைத்தொட்டிக்கும் மூடி. சிலிண்டர் வீட்டுக்கு வெளியே அல்லது குழந்தை எட்டாத தடுப்புக்குப் பின்னால். மண்ணெண்ணெய், பூச்சிமருந்து, கழிவறை அமிலம் உயரத்தில். தூளியின் கொக்கி எடை தாங்க வேண்டும். கழுத்தில் சுற்றக்கூடிய தொங்கல் இருக்கக் கூடாது. வயதில் பெரிய பிள்ளையைத் தூளியில் விடக் கூடாது. கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். தூங்க வைப்பதற்காக எந்த மருந்தும், இருமல் மருந்தானாலும், கொடுக்கக் கூடாது. பல குழந்தைகளை ஏற்று ஓய்ந்துபோன பெண் செய்யக்கூடிய மிக ஆபத்தான தவறு இதுதான், எனவே முதல் நாளே வெளிப்படையாகப் பேசப்பட வேண்டும். தடுப்பூசி அட்டை, தாயின் கைப்பேசி எண், யார் கையில் குழந்தையைக் கொடுக்கலாம் என்ற விவரம் ஆகியவை ஒரு நோட்டில். எழுதத் தெரியாதவர் வீட்டில் இதைப் பார்வையிட வருபவரே எழுதித் தரலாம். உரிமத்துக்குப் படிப்புத் தகுதி வைப்பது நல்ல ஆயாக்களை வெளியே தள்ளும்.

வீட்டில் இருக்கும் மற்றவர்களைப் பார்ப்பது இதைவிடக் கடினம். ஆயா நல்லவராக இருக்கலாம். பகலில் வீட்டிலிருக்கும் ஆண்களையும் அடிக்கடி வந்து தங்கும் உறவினரையும் யார் அறிவார்? இங்கிலாந்தும் அமெரிக்காவும் வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரையும் விசாரிக்கச் சொல்வது இதனால்தான். காவல்துறையின் நன்னடத்தைச் சான்று இங்கும் பெறலாம். ஆனால் ஒருமுறை வாங்கிய சான்று பழைய வழக்கைச் சொல்லுமே தவிர, வீட்டுக்குள் இன்று நடப்பதைச் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் தெருவில் உள்ள பெண்கள். குழந்தை உதவி எண் 1098 எழுதிய அட்டை கதவில் தொங்குவதும், தாய் எந்த நேரத்திலும் முன்னறிவிப்பின்றி உள்ளே வரலாம் என்பது எழுதாத விதியாக இல்லாமல் எழுதிய விதியாக இருப்பதும் சான்றிதழைவிடப் பலன் தரும்.

பார்வையிடுவது யார்? அங்கன்வாடி மேற்பார்வையாளருக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. ஒவ்வொருவர் கீழும் பல மையங்கள். கிராம சுகாதாரச் செவிலியர் தடுப்பூசிக்கு வரும்போது பார்க்கலாம் என்றாலும், அது அவருடைய வேலை அல்ல. மகளிர் சுய உதவிக் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் இருந்து பயிற்சி பெற்ற பெண் ஒருவரை, மாதம் ஒருமுறை எல்லா வீடுகளுக்கும் போய்வர நியமிப்பது நடைமுறைக்கு ஏற்றது. அவர் துணைக்கு வருபவர். குறையை எடுத்துச் சொல்பவர், மூடி வாங்கித் தருபவர். உரிமம் தருவதும் நிறுத்துவதும் வட்டார அளவில் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் இருக்கட்டும்; அவர் பங்குக்கு ஆண்டில் இரண்டு முறை சொல்லாமல் வர வேண்டும். இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்தால், ஆயா தன் சிரமத்தை அவரிடம் சொல்லாமல் மறைப்பார். மறைக்கப்பட்ட சிரமம் ஒருநாள் குழந்தையின் மேல் விழும்.

சிப்காட் ஊர்களில் இதற்கு முன்னுதாரணமே இருக்கிறது, பலருக்கு நினைவில்லை. 2004இல் இந்த ஊர்க்காரர்கள் சிப்காட் பகுதிச் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்ற குழுவாகத் திரண்டார்கள். எந்த நாற்றம் எந்த ஆலைப் பக்கமிருந்து, எத்தனை மணிக்கு வந்தது, கண் எரிந்ததா, தொண்டை கமறியதா என்று எழுதி வைத்தார்கள். வாளிக்குள் பையை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதிகாரி வரும்வரை காத்திருக்காமல் ஊரே தன் காற்றைப் பார்த்துக்கொள்ளக் கற்றது. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மிகக் கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளின் பட்டியலில் கடலூரைச் சேர்த்தது, அவர்கள் சொல்லிவந்ததற்கு அரசின் ஒப்புதலாயிற்று. பிள்ளை பார்க்கும் வீட்டின் நோட்டில் இந்த வழக்கத்தைச் சேர்க்கலாம். ஆண்களும் இளம்பெண்களும் வேலைக்குப் போன பின், பகல் முழுதும் ஊரின் காற்றைச் சுவாசித்துக்கொண்டு ஊரிலேயே இருப்பவர்கள் ஆயாவும் குழந்தைகளும்தான். உடல் எடைக்குக் கணக்கிட்டால் கைக்குழந்தை பெரியவரைவிடக் கூடுதல் காற்றை உள்ளிழுக்கிறது. எந்த நாளில் நாற்றம், எந்தக் குழந்தைக்கு அன்று இழுப்பு வந்தது என்ற இரண்டு வரி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மருத்துவருக்கும் அரிய சான்றாகும்.

இங்கே உரிமம் ஒரு தர்மசங்கடத்தில் சிக்குகிறது. ஆலைச் சுவரிலிருந்து இவ்வளவு தூரம் என்று விதி போட்டால், குடிகாட்டிலும் ஈச்சங்காட்டிலும் ஒரு வீட்டுக்கும் உரிமம் கிடைக்காது. 2025 மே மாதம் குடிகாட்டில் ஆலை ஒன்றின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து கழிவு வீடுகளுக்குள் பாய்ந்தது. அந்த வீடுகள் ஆலைக்குப் பக்கத்தில் போய்க் கட்டியவை அல்ல. ஊருக்குப் பக்கத்தில் ஆலை வந்தது. குழந்தை அந்த ஊரில்தான் இரவிலும் தூங்குகிறது. ஆகவே இடத்தின் ஆபத்துக்கு ஆயாவிடம் விலை கேட்பது நியாயமில்லை. உரிமம் அவரிடம் கேட்க வேண்டியது தப்பிக்கும் வழி தெரியுமா என்பதை: அபாயச் சங்கு ஒலித்தால் காற்றுக்கு எதிர்த்திசையிலோ குறுக்கிலோ எந்தத் தெரு வழியே போவது, ஈரத் துணி எங்கே, எந்தப் பக்கத்து வீட்டார் கைகொடுப்பார்கள். ஆலைகளிடம் கேட்க வேண்டியது வேறு. என்ன வேதிப்பொருள் வைத்திருக்கிறார்கள் என்பதை உரிமம் பெற்ற ஒவ்வொரு வீட்டுக்கும் தமிழில் எழுதித் தருவதும், கசிவு நேர்ந்தால் அந்த வீடுகளுக்கு முதலில் தொலைபேசுவதும் அவர்கள் கடமையாக வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரில் கரையேறியபோது கூரைகள் பறந்ததை மறந்தவர் இந்த மாவட்டத்தில் இல்லை. கூரையின் பிடிமானமும், வெள்ளம் ஏறினால் குழந்தைகளைக் கொண்டுபோகும் மேட்டு இடமும் முன்னாய்வில் சேர வேண்டியவை.

செலவுக்கு வழி சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் 67ஆம் பிரிவிலேயே கிடக்கிறது. பல நிறுவனங்கள் பங்கிட்டு ஒரு பொதுக் காப்பகம் வைக்கலாம் என்ற விதியை, பேட்டையின் ஆலைகள் சேர்ந்து இருபது முப்பது உரிம வீடுகளைத் தாங்குவதற்கும் விரித்துப் பொருள் கொள்ளும்படி மாநில அரசு விதி செய்யலாம். சிலிண்டர்த் தடுப்பு, தொட்டி மூடி, முதலுதவிப் பெட்டி, விபத்துக் காப்பீடு, பயிற்சி நாள்களுக்கான கூலி இவ்வளவும் ஓர் ஆலைக்குள் தனி அறை கட்டிப் பராமரிக்கும் செலவில் அடங்கும். தாய் தரும் மாதக் கூலியை மட்டும் நம்பி ஆயா இருந்தால், ஆறோடு நிறுத்திக்கொள் என்ற விதியைக் காப்பாற்ற அவரால் முடியாது. ஏழாவது குழந்தை அவர் வீட்டு அரிசி.

கடைசியாக விதிமீறல். மூடியில்லாத அண்டாவும் போக்சோ குற்றமும் ஒரே அளவிலான தவறல்ல. முன்னதற்கு ஒரு வாரத் தவணையும் மறுபார்வையும், பின்னதற்கு அன்றே மூடலும் காவல் நிலையமும். இரண்டுக்கும் நடுவில் உள்ளவை, அதாவது வரம்பை மீறிய எண்ணிக்கை, அடித்தல், குழந்தையைத் தனியே விட்டுக் கடைக்குப் போதல் ஆகியவை, இடைநிறுத்தத்துக்கு உரியவை. எந்த உத்தரவானாலும் அதே தாளில் இன்னொரு விவரமும் எழுதப்பட்டிருக்க வேண்டும்: இந்த வீடு மூடினால் இங்குள்ள குழந்தைகள் நாளைக் காலை எந்த வீட்டுக்குப் போகும் என்பது. ஒவ்வொரு வீட்டுக்கும் அருகிலுள்ள இன்னொரு உரிம வீட்டை மாற்று வீடாக முன்கூட்டியே பதிவில் குறித்து வைத்து, ஆயாவுக்குக் காய்ச்சல் வந்த நாளிலும் குழந்தைகளை அங்கே விட்டுப் பழக்கப்படுத்தியிருந்தால், மூடல் உத்தரவு வந்த மறுநாள் ஆறு மணி ஷிப்டுக்குப் போகும் தாய் ஐந்தரை மணிக்குத் தட்ட ஒரு கதவு இருக்கும். உள்ளே குழந்தைக்குப் பழகிய ஒரு முகமும் இருக்கும்.